8 அங்குலத்துக்கும் 12 அங்குலத்துக்கும் நடுவே: மார்ட்ஹைமில் ஸ்கேவன் படை

கேள்வி: மார்ட்ஹைம் என்ற மேசைப் பொம்மைப் போர் ஆட்டத்தில் ஸ்கேவன் (எலிமனிதர்) படை எடுத்திருக்கிறேன். வேகமான படை என்று எல்லோரும் சொல்கிறார்கள். முதல் இரண்டு டர்ன் ஓடிப் போய்ச் சேர்கிறேன். மூன்றாவது டர்னில் எதிரியின் மனிதப் படை என் ஆட்களை வெட்டிச் சாய்க்கிறது, உடனே ரௌட் ஆகிவிடுகிறது, அதாவது படையே கலைந்து ஓடித் தோற்கிறது. இந்த வேகத்தை எப்படித்தான் பயன்படுத்துவது?

பதில்:

சிக்கல் உங்கள் பகடையில் இல்லை, நிற்கும் இடத்தில் இருக்கிறது. ஸ்கேவனின் வேகத்தைச் சீக்கிரம் போய்ச் சேரச் செலவழித்தால் எதிரிக்குத்தான் லாபம். அவன் சார்ஜ் (கைச்சண்டைக்குப் பாயும் நகர்வு) எட்டாத, உங்கள் சார்ஜ் எட்டுகிற தூரத்தில் நிற்பதற்கு அதைச் செலவழிக்க வேண்டும். அந்தத் தூரத்துக்குக் கணக்கு இருக்கிறது.

1999-ல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்ட விதிநூல்படி சார்ஜ் என்றால் மூவ்மென்ட்டைப் (ஒரு டர்னில் நகரும் அங்குலம்) போல இரண்டு மடங்கு. சாதாரண மனிதனுக்கு மூவ்மென்ட் 4, அதாவது 8 அங்குலம் பாய்வான். உங்கள் சாதாரண வீரனான வெர்மின்கினுக்கும் மந்திரவாதியான சோர்சரருக்கும் 5, பாய்ச்சல் 10. தலைவனான அசாசின், வலுவான சண்டைக்காரனான பிளாக் ஸ்கேவன், இளம் வீரனான நைட் ரன்னர், பெருச்சாளி எல்லோருக்கும் 6, பாய்ச்சல் 12. ஆக, மனிதனிடமிருந்து 8 அங்குலத்துக்கு மேல், 12-க்குள் நிற்கும் பிளாக் ஸ்கேவன் அடுத்த டர்னில் அடிக்கலாம், அடி வாங்க மாட்டான். வெர்மின்கினுக்கு இதே பட்டை 8 முதல் 10 வரைதான், வெறும் 2 அங்குலம். ஒவ்வொரு டர்ன் முடிவிலும் உங்கள் ஒவ்வொரு ஆளும் இந்தப் பட்டையில் நிற்க வேண்டும், அல்லது எதிரியின் பார்வையில் படாமல் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத ஆள் தவறான இடத்தில் நிற்கிறான்.

முன்கூட்டி அளக்க விதி இடம் தருவதில்லை. சார்ஜ் அறிவித்த பிறகுதான் அளவுகோல் வெளியே வரும். அதனால் கண்ணளவு பழக வேண்டும். ஆட்டத்துக்கு முன் மேசையை அடுக்கும்போதே கட்டடங்களின் நீளம், தெருக்களின் அகலம், சுவர்களின் உயரம் எல்லாவற்றையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 6 அங்குல அகலமுள்ள வீடு என்று தெரிந்தால், அந்த வீட்டு மூலையிலிருந்து மறு மூலை வரை எவ்வளவு என்று பிறகு யோசிக்க வேண்டியதில்லை. உங்கள் ஆளை நகர்த்த 6 அங்குலம் அளக்கும்போது, முனையிலிருந்து எதிரி வரை இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதும் கண்ணில் படும்.

கண்ணளவு எதிரிக்கும் பிசகும். அங்கேதான் ஸ்கேவனின் பெரிய வரும்படி. சார்ஜ் அறிவித்து எட்டாமல் போனால் அந்த ஆள் தன் சாதாரண மூவ்மென்ட் அளவுக்கு முன்னால் வந்து நிற்பான், அந்த டர்னில் சுடவும் முடியாது. 4 அங்குலம் முன்னால் வந்து, தோழர்களை விட்டுப் பிரிந்து, தெரு நடுவில் தனியாக. அவனை அப்படி வரவழைப்பதுதான் தூண்டில்.

தூண்டிலுக்கு 15 கிரவுன் (ஆட்டத்தின் தங்கக் காசு) விலையுள்ள பெருச்சாளியைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ஒரு மனித வீரனுக்கு நேர் எதிரே சுமார் 9 அங்குலத்தில் இரண்டு பெருச்சாளிகளைத் திறந்த இடத்தில் நிறுத்துங்கள். பக்கவாட்டில் அவனிடமிருந்து 11 அங்குலத்தில், தாழ்ந்த சுவருக்குப் பின்னால், இரண்டு பிளாக் ஸ்கேவன் பதுங்கியிருக்கட்டும். சுவர் 1 அங்குலத்துக்குக் குறைவான உயரம் என்றால் மூவ்மென்ட் குறையாமல் தாண்டலாம், அப்படிப்பட்ட சுவராகத் தேர்ந்தெடுங்கள். பதுங்கிய ஆள் ஓடியிருக்கக் கூடாது, சுடக் கூடாது, மந்திரம் போடக் கூடாது. எதிரி அவனைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் தன் இனிஷியேட்டிவ் (சுறுசுறுப்பு) எண்ணளவு அங்குலத்துக்குள் வர வேண்டும். மனிதனுக்கு அது 3 அங்குலம்தான்.

இப்போது எதிரிக்கு நல்ல வழி எதுவும் இல்லை. பெருச்சாளி மேல் சார்ஜ் அறிவித்தால் எட்டாமல் 4 அங்குலம் முன்னால் வந்து நிற்பான். அம்பு விட்டால் 15 கிரவுன் எலிக்கு அம்பு வீண். பேசாமல் நின்றால் உங்கள் கவண்காரர்களுக்கு இன்னொரு டர்ன் கிடைத்துவிட்டது. அவன் முன்னால் வந்தான் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் டர்னில் இரண்டு பிளாக் ஸ்கேவனும் அவன் மேல் பாய்கிறார்கள். வாளும் தடியும் வைத்திருப்பவனுக்கு 2 அடி. வெப்பன் ஸ்கில் (கைச்சண்டைத் திறன்) 4-க்கு எதிராக 3 என்பதால் பகடையில் 3+ (3 அல்லது அதற்கு மேல்) விழுந்தால் பட்டது. பலம் 4-க்கு எதிராக உடல் உறுதி 3, காயமாக இதுவும் 3+. ஒருவன் மட்டும் பாய்ந்தால், கவசத்தையும் வாள் தடுப்பையும் சேர்க்காமல், குறைந்தது ஒரு காயம் விழும் வாய்ப்பு சுமார் 69 சதவீதம். இரண்டு பேர் பாய்ந்தால் 90. ஒற்றையாக அனுப்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்த வித்தியாசம் ஒரு காரணம்.

அதைவிட முக்கியமான காரணம் வேறு. ஒரே ஆள் தன் அடியால் எதிரியை வீழ்த்திவிட்டு, மிச்ச அடியால் அதே சண்டைக் கட்டத்தில் அவனைத் தானாக ஆட்டத்திலிருந்து வெளியேற்ற விதி அனுமதிப்பதில்லை. ஆனால் முதல் ஆள் வீழ்த்தியவனை இரண்டாவது ஆள் முடிக்கலாம். மயங்கிக் கிடப்பவன் என்றால் பகடையே வேண்டாம், நேராக வெளியே. வெறுமனே விழுந்து கிடப்பவன் என்றால் அடி தானாகப் படும், காயம் பட்டுக் கவசம் தோற்றால் வெளியே. அதனால் முதலில் அடிப்பவன் கையில் தடி இருக்கட்டும். சாதாரண ஆயுதத்துக்குக் காயப் பகடையில் (காயம் பட்டவன் கதியைப் பார்க்க எறிவது) 3, 4 மட்டும் மயக்கம். தடிக்கு 2, 3, 4 மூன்றுமே மயக்கம். 3 கிரவுன் பொருள் இது. ஸ்கேவன் படையில் இதைவிட லாபமான கொள்முதல் கவண் ஒன்றுதான்.

அந்த டர்னிலேயே எதிரி சாகாமல் போனாலும் கலங்க வேண்டாம். சார்ஜ் செய்தவன் முதல் சுற்றில் முதலில் அடிப்பான், அடுத்த சுற்றுகளில் இனிஷியேட்டிவ் பார்க்கப்படும். பிளாக் ஸ்கேவனுக்கு 5, வெர்மின்கினுக்கு 4, மனிதனுக்கு 3. அப்போதும் நீங்கள்தான் முதலில். அதோடு, 6 அங்குலத்துக்குள் தோழன் யாரும் இல்லாமல் இரண்டு பேரோடு தனியாகப் போராடுபவன் அந்தக் கட்டத்தின் முடிவில் லீடர்ஷிப் (மன உறுதி) சோதனை எடுக்க வேண்டும். தோற்றால் ஓடுவான், ஓடும்போது தொட்டு நிற்கும் ஒவ்வொருவரும் ஓர் அடி கொடுப்பார்கள். இதே விதி உங்களுக்கும் உண்டு. பெருச்சாளியின் லீடர்ஷிப் 4. அதனால்தான் இரண்டு இரண்டாக, 6 அங்குலத்துக்குள் நிறுத்தச் சொன்னேன்.

பாயும் வழியிலும் கவனம் தேவை. சண்டையில் சிக்காத எதிரி ஒருவன் உங்கள் பாதையிலிருந்து 2 அங்குலத்துக்குள் இருந்தால் குறுக்கே விழுந்து மறிக்கலாம். பின்வரிசை வில்லாளியைக் கொல்லப் புறப்பட்ட அசாசின் நடுவில் நிற்கும் வாள்காரனிடம் மாட்டிக்கொள்வது இப்படித்தான். முன்வரிசைக்கு இன்னொருவரை முதலில் அனுப்பிக் கட்டிப் போட்டுவிட்டு, அசாசினின் சார்ஜைப் பிறகு நகர்த்துங்கள்.

இனி கவண். விலை 2 கிரவுன், தூரம் 18 அங்குலம், பலம் 3. நகராமல் நின்றால் 9 அங்குலத்துக்குள் இரண்டு கல் எறியலாம். மனிதனின் சார்ஜ் 8, உங்கள் இரட்டைக் கல் 9. அந்த 1 அங்குல இடைவெளி உங்களுக்காகவே வைத்தது போல இருக்கும். கண்ணளவில் பிடிப்பது கடினம், ஆகவே சமதரையில் அதை நம்ப வேண்டாம். முதல் மாடியில் ஏறி நின்றால் கீழே இருப்பவன் சுவர் ஏறித்தான் வர வேண்டும், இடைவெளி தானாக அகலமாகிவிடும். மேசையிலிருந்து 2 அங்குலத்துக்கு மேலே நிற்பவன் மிக அருகில் உள்ள எதிரியைத்தான் குறிவைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆறு கவண்காரர்கள் நகராமல், மறைவில்லாத எதிரிகள் மேல் இரண்டிரண்டு கல் எறிந்தால் 12 கல். பாதி படும், அதில் பாதி காயமாகும். சராசரி 3 காயம். அதில் ஒருவன் வெளியே, இரண்டு பேர் தரையில். அந்த இரண்டு பேரை முடிக்க 12 அங்குலம் பாயும் ஆட்கள் அருகில் தயாராக இருக்க வேண்டும். சுடும் கட்டம் முடிந்த பிறகு சார்ஜ் செய்ய முடியாது, அடுத்த டர்னுக்குள் எதிரி எழுந்துவிடலாம். ஆனால் எழுந்தவன் அந்த டர்னில் பாதி தூரம்தான் நகர்வான், சார்ஜ் செய்ய மாட்டான். மயங்கியவனோ விழுந்தவன் நிலைக்குத்தான் வருவான். ஆக, அடுத்த டர்னிலும் அவர்கள் உங்கள் கைக்குள்தான் இருப்பார்கள். சில குழுக்கள் இரட்டைக் கல் எறிந்தால் ஒவ்வொரு கல்லின் பகடையிலும் 1 கழித்து ஆடுகின்றன. அதை ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் கவண்காரர்களை ஒவ்வொரு டர்னும் நகர்த்திக்கொண்டே எறிகிறார்கள். நகர்ந்ததற்கு 1, பாதித் தூரம் தாண்டியதற்கு 1, மறைவுக்கு 1 கழியும். பாலிஸ்டிக் ஸ்கில் (எறியும் திறன்) 3-க்கு 4+ தேவைப்பட்ட இடத்தில் இந்த மூன்றும் சேர்ந்தால் கல்லை எறியாமல் ஓடியே இருக்கலாம். இரண்டு டர்ன் இடம் பிடிக்க ஓடுங்கள், பிறகு அங்கேயே நில்லுங்கள்.

மாடி விளிம்பிலிருந்து 1 அங்குலமாவது உள்ளே நிற்க வேண்டும். அதற்குள் நின்று வீழ்ந்தாலோ மயங்கினாலோ இனிஷியேட்டிவ் சோதனை (ஒரு பகடை அந்த எண்ணுக்குள் விழ வேண்டும்), தோற்றால் கீழே. விழுந்த உயரம் எத்தனை அங்குலமோ அத்தனை பலத்தில் 1 முதல் 3 அடிகள், கவசம் உதவாது. எதிரி வில்லாளிகள் விளிம்பில் நின்றால் கற்கள் எங்கே போக வேண்டும் என்பதை இனிச் சொல்ல வேண்டியதில்லை.

மேலிருந்து குதித்துச் சார்ஜ் செய்வது பார்க்க அழகு. அடிக்கவும் பலத்துக்கும் முதல் சுற்றில் 1 கூடும். ஆனால் முழு 2 அங்குலத்துக்கு ஒரு இனிஷியேட்டிவ் சோதனை வீதம் எடுக்க வேண்டும். 6 அங்குல உயரத்துக்கு மூன்று. அசாசினுக்கு மூன்றும் தேறும் வாய்ப்பு 58 சதவீதம், வெர்மின்கினுக்கு 30. 2 முதல் 4 அங்குலத்துக்குள் ஒரே சோதனை: அசாசினுக்கு 83, வெர்மின்கினுக்கு 67. அதனால் குதிக்கும் இடம் 4 அங்குலத்தை எட்டாத மேடையாக இருக்கட்டும். இனிஷியேட்டிவ் 4 உள்ளவர்களைக் குதிக்க விடாதீர்கள் என்பேன். மூன்றில் ஒருவன் கழுத்தை முறித்துக்கொள்வான், அந்த இழப்பு ரௌட் கணக்கில் சேரும்.

ரௌட்தான் உங்கள் ஆட்டத்தை முடிக்கிறது என்கிறீர்கள், அதைப் பார்ப்போம். படையில் கால்வாசிப் பேர் வெளியேறினால் உங்கள் டர்ன் தொடக்கத்தில் சோதனை. இரண்டு பகடையில் அசாசினின் லீடர்ஷிப் 7-க்குள் விழும் வாய்ப்பு 58 சதவீதம். அவன் வெளியேறியோ மயங்கியோ இருந்தால் பிளாக் ஸ்கேவனின் 6, வாய்ப்பு 42. ஒவ்வொரு டர்னும் எடுக்க வேண்டும் என்பதால் கால்வாசி போன பிறகு ஸ்கேவன் படை இரண்டு டர்ன் தாங்கினாலே அதிகம். இதற்கு இரண்டு மருந்து. ஒன்று, தலை எண்ணிக்கை. 12 பேர் படை மூன்றாவது இழப்பில் சோதனை எடுக்கும், 17 பேர் படை ஐந்தாவதில். 13, 17 என்று நான்கின் மடங்கை ஒன்று தாண்டிய எண்ணிக்கைக்கு ஓர் இழப்பு கூடுதலாகத் தாங்கும். இரண்டு, அசாசின் முதல் பாய்ச்சலில் போகக் கூடாது. இரண்டாம் வரிசையில், 6 அங்குலத்துக்குள் வெர்மின்கின்கள் இருக்கும்படி வையுங்கள். அந்த வட்டத்துக்குள் இருப்பவர்கள் அவன் லீடர்ஷிப்பைப் பயன்படுத்தலாம். வெர்மின்கினின் சொந்த எண் 5, தேறும் வாய்ப்பு 28 சதவீதம்தான்.

தொடக்கப் பணமான 500 கிரவுனுக்கு நான் வாங்கச் சொல்வது இது. அசாசின் 60, சோர்சரர் 45, பிளாக் ஸ்கேவன் இருவர் 80, நைட் ரன்னர் இருவர் 40. ஆறு ஹீரோவும் முதல் நாளிலேயே. வெர்மின்கின் மூன்று பேராக இரண்டு குழு 120, பெருச்சாளி நான்கு 60. வெர்மின்கினுக்கும் நைட் ரன்னருக்கும் எட்டுக் கவண் 16. அவர்களுக்கும் சோர்சரருக்கும் ஒன்பது தடி 27. அசாசினுக்கும் பிளாக் ஸ்கேவனுக்கும் ஆளுக்கு ஒரு வாளும் தடியும் 39. அசாசினுக்கு ஹெல்மெட் 10, மயக்கத்தை 4+ல் வெறும் வீழ்ச்சியாக மாற்றும். மொத்தம் 497, ஆட்கள் 16. இலவசக் கத்தி பெருச்சாளி தவிர எல்லோருக்கும் உண்டு என்பதால் தடி வைத்திருப்பவனுக்கும் நெருக்கத்தில் 2 அடி. முதல் ஆட்டத்துக்குப் பிறகு இன்னொரு பெருச்சாளி சேர்த்தால் 17.

ராட் ஓகர் (ராட்சத எலி மிருகம்) வேண்டாமா என்று கேட்பீர்கள். 210 கிரவுன், கிட்டத்தட்ட பாதிப் பணம். அருகில் ஸ்கேவன் ஹீரோ ஒருவர் இல்லாவிட்டால் மந்தபுத்தி சோதனை எடுக்கும், அதனால் ஒரு ஹீரோ அதற்கு மேய்ப்பனாகிவிடுவார். வேகப் படையைத் தொடங்கும்போது அது காலில் கட்டிய கல். சோர்சரரின் மந்திரமும் பகடையில் கிடைப்பது, வந்த பிறகு திட்டம் போடுங்கள்.

முதல் இரண்டு டர்னில் செய்யும் தவறு எல்லாப் படைகளிலும் ஒன்றுதான். 48 அங்குலச் சதுர மேசையில் இருபக்கமும் 8 அங்குலத்துக்குள் படை நின்றால் நடுவில் 32. மூவ்மென்ட் 6 உள்ளவர்கள் இரண்டு டர்ன் ஓடினால் 24 கடந்துவிடுவார்கள், வெர்மின்கின் 20. முன்னால் போன நால்வர் மட்டும் எதிரியின் முழுப் படையிடம் மாட்டுவது இந்த 4 அங்குலத்தால்தான். வேகமானவர்களை முதல் டர்னில் ஓடவிடாமல் 6 அங்குலம் நடந்து பதுங்க வையுங்கள், வெர்மின்கின்கள் ஓடி வந்து சேரட்டும். ஓடிய ஆள் பதுங்க முடியாது என்பதால், ஓடுபவர்களுக்கு முடிவிடம் கட்டடத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். டர்ன் தொடக்கத்தில் 8 அங்குலத்துக்குள் எதிரி நின்றால் ஓடவும் முடியாது. பதுங்கிய, விழுந்த, மயங்கிய எதிரிகள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். வைர்ட்ஸ்டோனை (படைகள் தேடும் மதிப்புள்ள கல்) எடுத்துக்கொண்டு ஓடப் பார்ப்பவனின் 8 அங்குலத்துக்குள் ஒரு பெருச்சாளியை விட்டால் அவன் நடந்துதான் போக வேண்டும். எலி போனாலும் பரவாயில்லாத இடம் இது ஒன்றுதான்.

எதிரி மனிதப் படையாக இல்லாவிட்டால் பட்டை மாறும். குள்ளர்களுக்கு மூவ்மென்ட் 3, சார்ஜ் 6. இரட்டைக் கல்லுக்கு 3 அங்குல இடம் கிடைக்கும். ஆனால் உடல் 4, உங்கள் கல் 5+ல்தான் காயப்படுத்தும், தடியின் மயக்கமும் அவர்கள் தலையில் எடுபடாது. பொறுமையாகச் சுடுங்கள், நெருங்காதீர்கள். இறந்தோர் படையில் சோம்பிக்களால் ஓட முடியாது, அவற்றைச் சுற்றிப் போய்விடுங்கள். டயர் உல்ஃப் என்ற ஓநாய் 18 அங்குலம் பாயும், வேம்பயர் 12. அங்கே நீங்கள் வேகமான படை இல்லை. சுவரை முதுகுக்குக் கொடுத்துக் கூட்டமாக நின்று, ஓநாய் பாய்ந்து வந்த பிறகு மூன்று பேராகச் சூழுங்கள். வேம்பயர் அச்சம் தருவது, அதன் மேல் சார்ஜ் செய்யவே லீடர்ஷிப் சோதனை உண்டு. அசாசினின் 6 அங்குல வட்டம் அங்கே இரட்டிப்பு மதிப்பு.

அனுபவத்தால் வரும் முன்னேற்றங்களில் ஸ்பிரின்ட் திறன் கிடைத்தால் பிளாக் ஸ்கேவனுக்குக் கொடுங்கள். ஓட்டமும் சார்ஜும் மூன்று மடங்கு, அதாவது 18 அங்குலம். பட்டை 8-லிருந்து 18 வரை விரியும்போது எதிரிக்கு மேசையில் பாதுகாப்பான இடமே குறைந்துவிடும். இன்ஃபில்ட்ரேஷன் நைட் ரன்னருக்கு: எதிரி நின்ற பிறகு, அவன் பார்வையில் படாமல் 12 அங்குலத்துக்கு அப்பால் எங்கும் வைக்கலாம். வைர்ட்ஸ்டோன் வேட்டை ஆட்டத்தில் கற்கள் விளிம்பிலிருந்து 10 அங்குலத்துக்கு மேல் உள்ளே கிடக்கும். இந்தத் திறன் உள்ள இருவர் முதல் டர்னிலேயே ஆளுக்கு ஒன்று தொட்டுவிடலாம். சுமப்பதற்கு வேகம் குறையாது, ஆனால் சுமப்பவன் வெளியேறினால் கல் அங்கேயே விழும். எடுத்தவுடன் அவனைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள், சண்டைக்கு அனுப்பாதீர்கள்.

தொடர் ஆட்டத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆட்டத்துக்குப் பிறகு வெளியேறாத ஒவ்வொரு ஹீரோவுக்கும் வைர்ட்ஸ்டோன் தேடலில் ஒரு பகடை, வென்றவருக்குக் கூடுதலாக ஒன்று. ஆறு ஹீரோவும் நின்றால் தோற்றாலும் சராசரி 21, அதற்கு 4 கல். மூன்று ஹீரோவை இழந்து வென்றால் 4 பகடை, சராசரி 14, கல் 3. கால்வாசி இழந்து, எதிரி இன்னும் திடமாக இருந்தால், சோதனைக்குக் காத்திராமல் நீங்களே பின்வாங்க விதி அனுமதிக்கிறது. பெருச்சாளிகள் மட்டும் போயிருந்து ஹீரோக்கள் முழுசாக இருக்கும்போதே அதைச் செய்யுங்கள். போன எலிக்கு 15 கிரவுன். அனுபவம் ஏறிய பிளாக் ஸ்கேவனுக்கு விலை போட முடியாது.